உயிரினங்களின் பெயரும் வகைப்பாடும்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில் வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைப்பவர்கள், பள்ளித் தோட்டம் பார்க்கும் ஆசிரியர்கள், நர்சரிக்காரர்கள், கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் என்று பலரிடமிருந்தும் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அறிவியல் பெயர்கள் வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. பலகையிலும் பதிவேட்டிலும் அவற்றை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும்.

பெயரிடுவதும் வகைப்படுத்துவதும் ஒன்றுதானே?

இல்லை. எந்த உயிர் எதற்கு உறவு, எங்கே கோடு கிழிப்பது என்று முடிவு செய்வது வகைப்பாடு. அது ஆதாரத்தைப் பொறுத்தது. புது ஆதாரம் வந்தால் மாறும், ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடவும் செய்யும். கோடு கிழித்து முடித்த பிறகு, அந்தக் கூட்டத்துக்குச் செல்லுபடியாகும் பெயர் எது என்பதைச் சொல்வது பெயரிடல். அது முழுக்க முழுக்கச் சட்டப் புத்தக வேலை. தாவரம், பாசி, பூஞ்சை ஆகியவற்றுக்கு ஒரு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு இன்னொன்று, பாக்டீரியாவுக்கு வேறொன்று. "ஏன் அடிக்கடி பெயரை மாற்றுகிறார்கள்" என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பள்ளியில் படித்த ஏழு படிகள் இன்னும் உண்டா?

உண்டு. சாட்ஸ்வொர்த் வீட்டுக் கூரைகளில் ஓடும் வெர்வெட் குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: விலங்குலகம், முதுகுநாணிகள் தொகுதி, பாலூட்டிகள் வகுப்பு, பிரைமேட் வரிசை, செர்கோபித்தெசிடே குடும்பம், குளோரோசீபஸ் பேரினம், குளோரோசீபஸ் பைகெரித்ரஸ் சிற்றினம். தமிழ்நாட்டுப் பாடநூல் பேரினம், சிற்றினம் என்று சொல்வதை இலங்கை நூல்கள் சாதி, இனம் என்கின்றன. இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் கலந்து படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

குடும்பப் பெயரை அதன் வாலைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். தாவரக் குடும்பம் 'ஏசியே' என்றும், விலங்குக் குடும்பம் 'இடே' என்றும் முடியும். படிகளுக்கென்று அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு வண்டுக் குடும்பமும் ஒரு பறவைக் குடும்பமும் ஒரே படியில் இருப்பதால் அவை சம வயதுடையவை என்றோ சம அளவு வேறுபாடு கொண்டவை என்றோ எண்ணிவிடக் கூடாது.

ஊரில் வழங்கும் பெயரே போதாதா?

சந்தையில் போதும். ஊர் தாண்டினால் போதாது. டர்பனில் 'ஷேட்' என்று பிடிக்கும் மீனை கேப் டவுனில் 'எல்ஃப்' என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 'டெய்லர்', அமெரிக்காவில் 'புளூஃபிஷ்'. நான்கும் பொமட்டோமஸ் சால்டாட்ரிக்ஸ் என்ற ஒரே மீன்தான். டர்பன் தூண்டில்காரர்கள் 'சால்மன்' என்று சொல்வதோ வட அட்லாண்டிக் சால்மனே அல்ல, நம் கத்தாளைக் குடும்பத்து மீன். 'மடும்பி' என்று கூறுகட்டி விற்பது சேப்பங்கிழங்கு, கொலோகாசியா எஸ்குலெண்டா. ஜூலு மொழியில் 'உம்சின்சி' என்றால் ஒரே மரம் என்று நினைக்க வேண்டாம். நம் கலியாண முருங்கைக்கு உறவான இரண்டு எரித்ரினா மரங்களுக்கும் அந்தப் பெயரே வழங்குகிறது.

பூசைக்குப் பறிக்கும் சிரிங்கா இலை வேப்பிலைதானா?

இல்லை. மாரியம்மன் பூசைக்கு வேப்பிலை கிடைக்காத இடத்தில் சிரிங்கா இலையை வைப்பது இங்கே பழகிப்போன வழக்கம். அது பக்தி சார்ந்தது, அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் கஷாயம் வைக்கவோ பல் துலக்கவோ அதைப் பறிக்கக் கூடாது. வேம்பு அசாடிராக்டா இண்டிகா. சிரிங்கா மெலியா அசெடராக். இரண்டும் மெலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. சிரிங்காவின் காய் மனிதருக்கும் நாய்க்கும் பன்றிக்கும் நஞ்சு. இன்னொரு குழப்பம்: தாவர நூல்களில் உண்மையான 'சிரிங்கா' என்ற பேரினம் ஆலிவ் குடும்பத்து லைலாக் செடி. தமிழிலும் தொல்லை தீரவில்லை. 'மலைவேம்பு' என்று மெலியா அசெடராக்கையும் சொல்கிறார்கள், தச்சு மரத்துக்காக வளர்க்கும் மெலியா டுபியாவையும் சொல்கிறார்கள்.

நம் வீட்டுத் தோட்டங்களில் அதிகம் குழப்பும் நான்கு மரங்களுக்கு ஒரு சிறு திறவுகோல் கீழே உள்ளது. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, அது காட்டும் இடத்துக்குப் போக வேண்டும்.

1அ. நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நேரடியாக ஒட்டியிருக்கும் (ஒருமுறை பிரிந்த இலை): 2-க்குச் செல்க.
1ஆ. நடுக்காம்பு மறுபடி கிளைத்து, அந்தக் கிளைக்காம்புகளில் சிற்றிலைகள் இருக்கும்: 3-க்குச் செல்க.

2அ. சிற்றிலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை போல் ஒளிப்புள்ளிகள் தெரியும். கசக்கினால் சமையல் மணம்: கறிவேப்பிலை.
2ஆ. புள்ளிகள் இல்லை, ஓரம் ரம்பப் பல், சிற்றிலை அரிவாள் போல் வளைந்து அடிப்பக்கம் ஒருபுறம் பெருத்திருக்கும்: வேம்பு.

3அ. சிற்றிலை நுனி கூர்மை, ஓரத்தில் பற்கள்: சிரிங்கா.
3ஆ. சிற்றிலை சிறியது, நுனி உருண்டை, ஓரம் மழுமழுவென்று இருக்கும்: முருங்கை.

இந்தத் திறவுகோல் தவறிப்போவது பெரும்பாலும் முதல் படியில்தான். காரணம், சிற்றிலையை முழு இலை என்று எண்ணிவிடுவது. இலைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள மூலையைப் பாருங்கள். மொட்டு இருந்தால் அதுதான் இலை தொடங்கும் இடம். சிற்றிலையின் மூலையில் மொட்டு இருக்காது. இளங்கன்றின் இலையும், வெட்டிவிட்ட அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இலையும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூவும் காயும் கிடைத்தால் சந்தேகமே வராது: வேப்பம்பூ வெள்ளை, பழம் நீள்வட்டம், சிரிங்காவின் பூ இளம் ஊதா, உருண்டையான மஞ்சள் காய்கள் இலை உதிர்ந்த பிறகும் குலைகுலையாக மரத்தில் தொங்கும்.

இந்த வித்தியாசத்துக்குச் சட்டத்திலும் இடமுண்டு. தென்னாப்பிரிக்காவின் அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் மெலியா அசெடராக் 1பி பிரிவில், அதாவது கட்டுப்படுத்த வேண்டியவற்றில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் மட்டும் 3-ஆம் பிரிவு. அதாவது நகரத்தில் ஏற்கெனவே நிற்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. பட்டியல் அறிவியல் பெயரில்தான் செல்லும். 'வேம்பு' என்று பலகை மாட்டி சிரிங்காக் கன்று விற்கும் நர்சரிக்கு அந்தப் பலகை துணைக்கு வராது.

வேம்பை லின்னேயஸ் 'மெலியா அசாடிராக்டா' என்றாராமே. பிறகு 'இண்டிகா' எங்கிருந்து வந்தது?

1753-இல் வெளியான ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் தாவர நூலில் வேம்புக்கு அந்தப் பெயர்தான். தாவரப் பெயர்களின் கணக்கு தொடங்குவதும் அந்த நூலிலிருந்தே. 1830-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அட்ரியன் டி ஜூசியூ வேம்பைத் தனிப் பேரினமாகப் பிரித்து, பேரினத்துக்கு அசாடிராக்டா என்று பெயர் வைத்தார். பழைய சிற்றினப் பெயரை அப்படியே கொண்டுவந்தால் 'அசாடிராக்டா அசாடிராக்டா' ஆகிவிடும். தாவர விதியில் ஒரே சொல்லை இரட்டிக்க அனுமதி இல்லை. அதனால்தான் 'இண்டிகா'. விலங்கு விதியில் இந்தத் தடை கிடையாது: நம் நல்லபாம்பு 'நாஜா நாஜா', கொரில்லா 'கொரில்லா கொரில்லா'.

பெயருக்குப் பின்னால் வரும் 'எல்.', அடைப்புக்குறி இதெல்லாம் என்ன?

முதலில் பெயர் வைத்தவர் யார் என்ற குறிப்பு. 'எல்.' என்றால் லின்னேயஸ். அடைப்புக்குறிக்கு கறிவேப்பிலையை விட நல்ல உதாரணம் கிடையாது. லின்னேயஸ் அதற்கு 'பெர்கெரா கோனிகீ' என்று பெயரிட்டார். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனோடு பணியாற்றிய அவருடைய மாணவர் யோஹான் கோனிக்கின் நினைவாக வைத்த பெயர் அது. பிறகு ஸ்ப்ரெங்கல் என்பவர் செடியை முர்ரயா பேரினத்துக்கு மாற்றினார். உடனே பெயர் 'முர்ரயா கோனிகீ (எல்.) ஸ்ப்ரெங்.' ஆயிற்று: அடைப்புக்குள் முதலில் பெயரிட்டவர், வெளியே இடம் மாற்றியவர். இப்போது மரபணு ஆதாரத்தால் கறிவேப்பிலையை மறுபடி பெர்கெராவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே அடைப்புக்குறி மறைந்து, பழையபடி 'பெர்கெரா கோனிகீ எல்.' ஆகிவிட்டது. நர்சரிகளில் இன்னும் முர்ரயா என்றுதான் இருக்கிறது. தப்பில்லை, பழசு.

விலங்குகளில் பெயருடன் ஆண்டையும் சேர்ப்பார்கள், இடம் மாற்றியவரைச் சொல்ல மாட்டார்கள். ஷேட் மீன் 'பொமட்டோமஸ் சால்டாட்ரிக்ஸ் (லின்னேயஸ், 1766)'. அடைப்புக்குறி இருப்பதால் லின்னேயஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம். சாதாரணப் பெயர்ப்பலகைக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. பதிவேட்டில் இருந்தால் நல்லது.

துளசிக்கு 'சாங்டம்' (புனிதமானது) அழகான பெயர்தானே, ஏன் கைவிட்டார்கள்?

ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதே செல்லும். ஓசிமம் டெனுயிஃபுளோரம் 1753, ஓசிமம் சாங்டம் 1767. இரண்டும் லின்னேயஸே வைத்தவை. அழகும் பொருத்தமும் கணக்கில் வராது.

ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்று கடைசியில் யார் முடிவு செய்வது?

யாருமில்லை, ஒரு மாதிரிதான். ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஏதோ ஓர் அருங்காட்சியகத்திலோ உலர்தாவரச் சேகரத்திலோ இருக்கும் மூலமாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய பெயர்கள் சிலவற்றுக்கு ஓவியமே மூலமாதிரி. விவரணை தெளிவில்லாமல் இருந்தாலும், பின்னால் ஒரு சிற்றினத்தை மூன்றாகப் பிரித்தாலும், அந்த மாதிரி எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்குப் பழைய பெயர் போகும். மூலமாதிரி அந்தச் சிற்றினத்தின் சிறந்த எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. அரைகுறையாகவும் இருக்கலாம்.

அரைகுறை மாதிரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்த நாட்டிலேயே கதை உண்டு. 1938 டிசம்பர் 22 அன்று சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் இழுவலையில் ஒன்றரை மீட்டர் நீள மீன் ஒன்று சிக்கியது. ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்து காப்பாற்றினார். பதப்படுத்தப் போதிய வசதி இல்லாததால் உள்ளுறுப்புகள் போய்விட்டன. தோலும் தலையுமே மிஞ்சின. மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித் 1939-இல் அதற்கு லாட்டிமேரியா சலும்னே என்று பெயரிட்டார்: பேரினம் அந்த அம்மையாரின் பெயர், சிற்றினம் ஆற்றின் பெயர். சீலகாந்த் என்று எல்லோரும் அறிந்த மீன் அதுதான். 1952-இல் கொமொரோ தீவுகளில் இரண்டாவது மீன் கிடைத்தபோது அதன் முதல் முதுகுத்துடுப்பு இல்லை. ஸ்மித் வேறு பேரினம் என்று கருதி, மாதிரியைக் கொண்டுவர விமானம் தந்த பிரதமர் மலானின் பெயரில் 'மலானியா' என்று வைத்தார். துடுப்பு இல்லாதது அந்த ஒரு மீனின் குறைதான் என்று பிறகு தெரிந்தது. மலானியா இன்று லாட்டிமேரியாவின் மாற்றுப்பெயர் மட்டுமே. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதுப் பேரினம் அறிவிப்பது என்றைக்குமே ஆபத்து.

டர்பன் தாவரவியல் பூங்காவில் இருக்கும் வுட் சைகாட் ஏன் அவ்வளவு பிரபலம்?

சைகாட் என்பது பனை போலத் தோன்றும், பூக்காத விதைச்செடி. 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் ன்கோயே காட்டில் கண்ட ஒரே கொத்துதான் உலகில் அறியப்பட்டது. 1908-இல் அவர் பெயரால் என்செஃபலார்டோஸ் வுடீ என்று பெயர் பெற்றது. (ஆண் பெயருக்கு 'ஈ' என்ற முடிவு, பெண் பெயருக்கு 'ஏ'.) கிடைத்தது ஆண் செடி, பெண் செடி இன்றுவரை இல்லை. உலகெங்கும் இருப்பவை அதன் பக்கக்கன்றுகளே. இது தனிச் சிற்றினமா, பழைய கலப்பினமா என்ற வகைப்பாட்டு விவாதம் இருந்தாலும் பெயர் செல்லுபடியாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு வேலைகளும் வேறு என்பதற்கு இதுவும் சான்று.

ஆப்பிரிக்காவின் அடையாளமே அகேஷியா. அதை எப்படி எடுத்துவிட முடியும்?

அதிகம் கோபம் வரவழைக்கும் கேள்வி இது. பதில் இரண்டு கட்டமாக வருகிறது.

முதல் கட்டம் வகைப்பாடு. அகேஷியா என்ற பெரிய பேரினத்துக்குள் இருந்தவை எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டின. அதைப் பல துண்டுகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இதில் தாவரவியலாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

இரண்டாம் கட்டம் பெயர். பிரித்தால் பழைய பெயர் மூலமாதிரி இருக்கும் துண்டோடு போக வேண்டும். மூலமாதிரியோ நம் கருவேலம். விதிப்படி போனால் ஆப்பிரிக்க, இந்திய முள்மரங்கள் அகேஷியாவாகவே இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் சுமார் 1,000 சிற்றினங்கள் 'ராகோஸ்பெர்மா' ஆகியிருக்கும். அத்தனை பெயரை மாற்றுவதைத் தவிர்க்க, ஆஸ்திரேலிய மரம் ஒன்றையே புது மூலமாதிரியாக வைக்கலாம் என்ற முன்மொழிவை 2005-இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாடு ஏற்றது. 2011 மெல்போர்ன் மாநாட்டில் அது உறுதியானது. எண்ணிக்கையைப் பார்த்தால் நியாயம். முந்திய பெயர், மூலமாதிரி என்று காலங்காலமாகச் சொல்லிவந்த விதியைப் பார்த்தால் ஆப்பிரிக்கருக்கு வருத்தம் வரத்தான் செய்யும்.

நடைமுறையில் இங்குள்ள மரங்கள் இரண்டாகப் பிரிந்தன. நேரான முள் ஜோடி ஜோடியாகவும், பூ பெரும்பாலும் உருண்டைப் பந்தாகவும் இருந்தால் வாச்செலியா. ஸ்வீட் தார்ன் எனப்படும் வாச்செலியா கரூ, நம் கருவேலமாகிய வாச்செலியா நிலோடிகா இந்தப் பக்கம். முள் கொக்கி போல் வளைந்து, பூ பெரும்பாலும் கதிராக நீண்டிருந்தால் செனிகாலியா. நாப் தார்ன் என்ற செனிகாலியா நைக்ரெசென்ஸ் அந்தப் பக்கம். சட்டையில் கொக்கி மாட்டினால் செனிகாலியா என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'காஃப்ரா' என்று முடியும் பெயர்களை இனி எப்படி எழுதுவது?

'சி' எழுத்தை நீக்கி 'அஃப்ரா' என்று எழுத வேண்டும். பழைய பெயரின் அடியில் உள்ள சொல் இந்த நாட்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை. 2024 ஜூலையில் மாட்ரிட் மாநாட்டின் பெயரிடல் அமர்வு 351-க்கு 205 என்ற வாக்கில் மாற்றத்தை ஏற்றது. இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் மாறின. கடலோர எரித்ரினா மரம் இப்போது எரித்ரினா அஃப்ரா, கெய் ஆப்பிள் டோவியாலிஸ் அஃப்ரா. பழைய பலகை இருந்தால் இதை முதலில் மாற்றுங்கள்.

விலங்குகளுக்கு இது பொருந்தாது. அதற்கான ஆணையம், சமூகக் காரணங்களுக்காகப் பெயர்களை மாற்றப்போவதில்லை என்று 2023-இல் அறிவித்தது. ஆகவே ஆப்பிரிக்கக் காட்டெருமையின் பெயர் மாறாமல் அப்படியே இருக்கிறது.

ஒரு சிற்றினம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? இதெல்லாம் வெறும் ஏட்டுச் சண்டை இல்லையா?

எல்லோரும் ஏற்கும் ஒரே வரையறை கிடையாது. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களோடு கலக்காமல் இருப்பதே சிற்றினம் என்ற கருத்து விலங்குகளுக்கு ஓரளவு உதவும். கலப்பினம் சர்வசாதாரணமாக உண்டாகும் தாவரங்களிலும், பாலினமின்றிப் பெருகும் உயிர்களிலும் அது தடுமாறும். அதனால் உருவம், மரபணு, வாழிடம், நடத்தை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒரே சிற்றினமா நான்கா என்ற வாதம் பல ஆண்டு நடந்து, 2025-இல்தான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நான்கு என்று ஏற்றது.

ஏட்டுச் சண்டை அல்ல என்பதற்கு மேலே சொன்ன 'சால்மன்' போதும். டர்பனில் 'சால்மன்' எனப்படும் கோப் மீன்களைத் தென்னாப்பிரிக்கக் கடலில் எங்கு பிடித்தாலும் நெடுங்காலம் 'ஆர்கிரோசோமஸ் ஹோலோலெபிடோட்டஸ்' என்ற ஒரே பெயரில் எழுதிவந்தார்கள். 1995-இல் கிரிஃபித்ஸ், ஹீம்ஸ்ட்ரா இருவரும் காதுக்கல் உள்ளிட்ட உறுப்புகளையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, அந்தப் பெயருக்குரிய மீன் மடகாஸ்கருடையது, இங்கே இருப்பவை ஆர்கிரோசோமஸ் ஜபோனிகஸ், ஆர்கிரோசோமஸ் இனோடோரஸ் என்ற இரண்டு என்று காட்டினார்கள். ஜபோனிகஸின் பெண் மீன் சுமார் ஒரு மீட்டர் வளர்ந்த பிறகே முட்டையிடும் பருவத்துக்கு வரும். இனோடோரஸ் அதில் பாதி நீளம்கூட எட்டாமலே வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எடுத்த அளவை வைத்துக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தால், பெரிய மீன் ஒருமுறைகூட முட்டையிடாமல் கூடைக்குப் போய்விடும். அப்படித்தான் போயிற்று.

டிஎன்ஏ பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?

விலங்குகளில் சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்துகள், தாவரங்களில் ஆர்பிசிஎல், மேட்கே என்ற மரபணுக்கள், பூஞ்சைகளில் ஐடிஎஸ் பகுதி என்று வழக்கமாகப் படிப்பார்கள். படித்ததை ஒப்பிட, சரியாக அடையாளம் கண்ட மாதிரியின் வரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அங்கே இருப்பது தவறாகப் பெயரிட்டதாக இருந்தால் உங்கள் விடையும் தவறுதான். கலப்பினத்தில் சிஓஐ தாய்வழியை மட்டுமே காட்டும். அண்மையில் பிரிந்த சிற்றினங்களைப் பல நேரம் பிரித்துக் காட்டாது. தாவரங்களில் இந்தக் குறை இன்னும் அதிகம்.

கைபேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றின் தானியங்கிப் பரிந்துரையைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், தேதி, இடம் இருந்து, காட்டுயிர் என்றும் பதிந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிற்றினத்தில் ஒத்துப்போனால் 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். குறைந்தது இருவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த இருவரும் சேர்ந்தே தவறலாம்.

பூவை மட்டும் அழகாகப் படமெடுத்து அனுப்புகிறார்கள், அதுதான் பெரிய குறை. கிளையோடு ஒட்டிய இலை, இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், பட்டை என ஐந்து படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு ரேண்ட் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். நட்ட செடியென்றால் 'வளர்ப்பு' என்று குறியுங்கள். காட்டுச் சைகாட் கண்டால் இடத்தை எங்கும் பொதுவில் போடாதீர்கள். திருடர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடையாளம் காண செடியை அனுப்ப வேண்டுமென்றால் எப்படிப் பதப்படுத்துவது?

டர்பன் தாவரவியல் பூங்காவை ஒட்டி, மெட்லி வுட் 1882-இல் தொடங்கிய குவாசூலு-நட்டால் ஹெர்பேரியம் (உலர்தாவரச் சேகரம்) இருக்கிறது. எந்த ஹெர்பேரியமும் கேட்பது ஒன்றுதான்: பூவோ காயோ உள்ள கிளை, முழு விவரத்தோடு.

கிளை சுமார் 42 செ.மீ நீளம், 27 செ.மீ அகலத் தாளுக்குள் அடங்க வேண்டும். பெரிதானால் ஆங்கில 'வி' போல மடியுங்கள். நாளிதழுக்குள் பரப்பி, ஓர் இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியுமாறு திருப்புங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். சிறு செடியென்றால் வேரோடு, புல்லென்றால் அடிக்கட்டையோடு வேண்டும். சதைப்பற்றுள்ள காயைக் குறுக்கே வெட்டி வையுங்கள்.

டர்பன் கோடையின் ஈரக்காற்றில் தாளை முதல் நான்கு நாள் தினமும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் இலை கறுத்துப் பூஞ்சை படரும். பிளாஸ்டிக் பையில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொண்டுவருகிற மாதிரி குப்பைக்குத்தான் போகும். காய்ந்த பின் பையில் இட்டு, உறைபெட்டியில் −20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி சாகும்.

செடியோடு ஒரு சீட்டு: இடம், ஜிபிஎஸ் எண், தேதி, மண்ணும் சூழலும், செடியின் உயரம், சேகரித்தவர், திரும்ப வராத தொடர் எண். காய்ந்தால் மறைந்துவிடுகிற பூவின் நிறம், மணம், பால் வடிகிறதா என்பவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட செடிகளுக்கு அனுமதிச் சீட்டு முதலில், கத்தரிக்கோல் பிறகு.

புதுச் சிற்றினம் என்று தோன்றினால்?

முதலில் அது பழைய சிற்றினமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பேரினத்தின் பழைய பெயர்களையும், கைவிடப்பட்டவை உட்பட, அவற்றின் மூலமாதிரிகளையும் பார்த்து முடிப்பதற்கே பெரும்பாலான காலம் போகும். தாண்டிவிட்டால், தாவரத்துக்கு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ வேண்டும் (2012-க்கு முன் லத்தீன் மட்டும்), ஒரே மூலமாதிரியையும் அது இருக்கும் சேகரத்தையும் சொல்ல வேண்டும், முறையான இதழிலோ நூலிலோ வெளிவர வேண்டும். பூஞ்சைக்குப் பதிவு எண் கட்டாயம். விலங்குகளில், மின்னிதழில் மட்டும் வருவது என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு இல்லாமல் செல்லாது. பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதிவிட்டு நின்றுபோன பெயர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

விதி தடுக்கவில்லை. யாரும் செய்வதில்லை.

பாக்டீரியா, வைரஸ், காளான்?

காளான் தாவரமல்ல, ஆனாலும் தாவர விதித்தொகுப்பின் கீழ்தான் பெயர் பெறுகிறது. பாக்டீரியாப் பெயர்களின் கணக்கு 1980 ஜனவரி 1 அன்று புதிதாகத் தொடங்கியது. புதுப் பாக்டீரியாவின் உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் சேகரங்களில் ஒப்படைக்க வேண்டும். வைரஸ்களுக்கும் இரட்டைப் பெயர் வந்துவிட்டது. கோவிட் வைரஸ் அடங்கிய சிற்றினம் இப்போது பீட்டாகொரோனாவைரஸ் பாண்டெமிகம்.

பெயர்ப்பலகையில் என்ன வரிசையில் எழுதுவது?

மேலே தமிழ்ப் பெயர், பிறகு ஜூலு, ஆங்கிலப் பெயர்கள், நடுவில் அறிவியல் பெயர், கீழே குடும்பம், மூலையில் பதிவேட்டு எண். அறிவியல் பெயர் சாய்ந்த எழுத்தில். பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, சிற்றினம் முழுதும் சிறிய எழுத்து. ஊர்ப்பெயரைக் குறித்தாலும் ஆள் பெயரைக் குறித்தாலும் சிற்றினம் சிறிய எழுத்துதான். உச்சரிப்புக்குக் கட்டாய விதி எதுவும் இல்லை, எழுத்துப்பிழைக்குத்தான் மன்னிப்பில்லை. கியூ பூங்காவின் இணையத் தாவரப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடுங்கள், கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

தோட்ட ரகங்களுக்கு ஒற்றை மேற்கோள்குறி, சாயாத எழுத்து: ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே 'மண்டேலாஸ் கோல்டு' என்ற மஞ்சள் பூ ரகம் கிர்ஸ்டன்போஷ் பூங்காவில் உருவானது. ரகப்பெயர் எழுதுமுன் கன்று எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விதையிலிருந்து முளைத்ததென்றால் அந்த ரகமாக இல்லாமலும் போகலாம்.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். அலுமினியத் தகட்டில் பொறித்து, மரம் பருக்க இடம் விட்டு, சுருள்கம்பியில் தொங்கவிடுங்கள். கடற்காற்றில் சாதாரணக் கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும், துருப்பிடிக்காத எஃகே நிற்கும்.

பெயர் மாறும்போதெல்லாம் பலகையையும் மாற்ற வேண்டுமா?

பதிவேட்டை உடனே திருத்துங்கள், பலகைக்கு அவசரமில்லை. 'காஃப்ரா' பெயர்கள் மட்டும் விதிவிலக்கு. மற்றவற்றை, இரண்டு மூன்று பெரிய பட்டியல்கள் புதுப் பெயரை ஏற்ற பிறகு, தகடு பழுதாகி மாற்றும் சமயத்தில் மாற்றினால் போதும். புதுத் தகட்டில் பழைய பெயரையும் சமக்குறி போட்டுச் சிறிய எழுத்தில் சேருங்கள். முர்ரயா என்று தேடிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் பல ஆண்டுகளுக்கு இருப்பார்கள்.